இரண்டு முறை சொன்ன பந்தயம்

என் கணவர் உள்ளூர் கேபிள் தொலைக்காட்சியில் முதன்முதலாகப் பேசியது ஒரு வியாழக்கிழமை. அவர் வெள்ளிக்கிழமை என்பார். வெள்ளி நல்ல நாள் என்பதைத் தவிர அதற்கு வேறு ஆதாரம் கிடையாது. என் டைரியில் வியாழன் என்றுதான் இருக்கிறது. அன்று வீட்டில் ரசம் மட்டும் வைத்தேன் என்பதும் இருக்கிறது. நான் நாட்காட்டி அச்சடிக்கும் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவள். ஒரு கிழமையை இன்னொரு கிழமையாக யாராவது சொன்னால் எனக்குப் பல் கூசும்.

இதை எழுத ஆரம்பித்தபோது தேதிகளை வரிசையாக அடுக்கினேன். இரண்டு பக்கம் படித்த என் மகள், "அம்மா, காலண்டர் கிழிக்கிற மாதிரி இருக்கு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதனால் கிழமையும் மாதமும் போதும் என்று நிறுத்திக்கொண்டேன். மீதி டைரிகளில் இருக்கிறது.

அந்தக் கேபிள் நிலையம் ஆரப்பாளையம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜின் மூன்றாவது மாடியில் இருந்தது. ஒயர்கள் எல்லாம் ஜன்னல் வழியாக வெளியே போயின. அதனால் ஜன்னலை மூட முடியாது. இவர் "மாநகராட்சிக் கூட்டத்தில் நேற்று" என்று ஆரம்பித்தால், கீழேயிருந்து ஒரு கண்டக்டர் "தேனி, போடி, கம்பம்" என்று முடித்துவைப்பார். முதல் வாரம் இவர் பதறினார். இரண்டாவது வாரம் கண்டக்டர் மூச்சு வாங்கும் இடைவெளியில் செய்தியை வாசிக்கப் பழகிக்கொண்டார். மூன்றாவது வாரம் ஒரு நேயர் நிலையத்துக்குப் போன் செய்து, "அண்ணே, கம்பம் வண்டி கெளம்பிருச்சா?" என்று கேட்டார். இவர் வாசிப்பை நிறுத்திவிட்டு, ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னும் நிக்கிது, ஓடியாந்தா பிடிக்கலாம்" என்று நேரலையிலேயே பதில் சொன்னார். அதற்குப் பிறகு கடைத்தெருவில் இவரோடு நடந்து போவது எனக்குச் சிரமமாகிவிட்டது. பத்தடிக்கு ஒருவர் நிறுத்திப் பேசினார்.

செய்தி வாசிக்கும்போது இவர் போட்டிருந்த கோட்டு லாட்ஜ் மேனேஜருடையது. மேனேஜர் ஏழு மணிக்கு வரவேற்பறையைவிட்டு எழுந்தால்தான் கோட்டு மாடிக்கு வரும். எங்கள் செய்தி ஏழரைக்கு ஒளிபரப்பானதற்கு அதுதான் காரணம். நேயர்களுக்கு வசதியான நேரம் என்று பிற்பாடு ஒரு பேட்டியில் இவர் சொன்னதை நான் மறுக்கவில்லை, சிரித்துக்கொண்டேன்.

செய்தி, விரும்பிக் கேட்ட பாடல், குழந்தைகளின் பிறந்தநாள், காய்கறி விலை, கண்ணீர் அஞ்சலி, திருவிழா நேரலை என்று எல்லாவற்றையும் இவரே செய்தார். சனிக்கிழமைகளில் சமையல் நிகழ்ச்சியும் உண்டு. அதில் கிண்டியது நான். இவர் ருசி பார்த்து வர்ணித்தார்.

இவர் சொன்னால் மக்கள் நம்பினார்கள். கண்ணால் பார்ப்பதைவிட அதிகமாக நம்பினார்கள் என்பதை நான் கண்டுகொண்டது ஒரு சித்திரைத் திருவிழாவில். ஆற்றங்கரையிலிருந்து நேரலை. தோல்பையில் தண்ணீர் பீய்ச்சும் பக்தர் ஒருவர் இவருக்குப் பின்னால் நின்று பீய்ச்சியிருக்கிறார். தலையில் சொட்டு விழுந்ததும் இவர், "லேசாகத் தூறல் விழுகிறது நேயர்களே" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் மூன்று வீடுகளில் மொட்டை மாடிக்கு ஓடிப்போய்க் காயப்போட்ட துணிகளை எடுத்தார்கள். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. துணியைச் சுருட்டிக்கொண்டு வந்த எதிர்வீட்டு அம்மாவிடம், எங்கே மழை என்று கேட்டேன். "ஒங்க வீட்டுக்காரர்தான் சொன்னாரு" என்றார்.

மாட்டு வண்டிப் பந்தயம் இவர் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு பங்குனி மாத ஞாயிற்றுக்கிழமை. மேலூர்ப் பக்கம் ஒரு பந்தயத்தைப் படம்பிடிக்க நிலையத்தின் கேமராக்காரரோடு இவரும் போயிருந்தார். வர்ணனைக்குச் சொல்லிவைத்திருந்த ஆள் வரவில்லை. விழாக் குழுவினர் மைக்கை இவர் கையில் திணித்துவிட்டார்கள். நாங்கள் சௌராஷ்டிரர், ஊரில் பட்டுநூல்காரர் என்பார்கள். வீட்டில் எங்கள் மொழி பேசுவோம். இவர் அப்பாவுக்கு விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடை. மாட்டுக்கும் எங்களுக்கும் பால் பாக்கெட் தவிர வேறு தொடர்பு கிடையாது. கூட்டத்தில் ஒருவர், "பட்டுநூல்காரருக்கு மாட்டப் பத்தி என்னய்யா தெரியும்? நூலக் குடுங்க, நம்பர் சொல்லுவாரு" என்று சத்தமாகவே சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். இவரும் மைக்கிலேயே சிரித்துவிட்டு, "தெரியாதுய்யா. தெரியாததனால பாக்குறத மட்டும் சொல்றேன்" என்றார். பார்த்ததை மட்டும் சொன்னார். எந்த மாட்டின் காது படுத்திருக்கிறது, எந்தச் சாரதி பின்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான், யாருடைய துண்டு காற்றில் போய்விட்டது. ஊர்க்காரர்களுக்கு அது புதிதாக இருந்தது. அடுத்த பந்தயத்துக்கு அவர்களே ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்கள்.

இன்றுவரை இவர் ஒரு மாட்டைத் தொட்டதில்லை. பயம். எங்கள் லாரியின் மேலே உட்கார்ந்திருக்கும்வரைதான் வீரம்.

இனி நான் சொல்லப்போவது புரிய, நாங்கள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பந்தயச் சாலையில் மாட்டு வண்டிகளுக்கு முன்னால் எங்கள் குட்டி யானை போகும். ஊரில் சின்ன லாரியை அப்படித்தான் சொல்வார்கள். அதன் பின்பகுதியில், ஓடிவரும் மாடுகளைப் பார்த்தபடி ஒரு நாற்காலியைக் கயிற்றால் கட்டி இவர் உட்கார்ந்திருப்பார். கேமராக்காரர் இடுப்பைத் துண்டால் கம்பியோடு கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நான் நோட்டோடு இருப்பேன். எந்த வண்டி எங்கே முந்தியது, எந்த மாடு எங்கே தளர்ந்தது என்று குறிப்பது என் வேலை. அந்தக் குறிப்புகளை வைத்து இவர் வீட்டில் அடுத்த பந்தயத்துக்குத் தயாராவார். ஓட்டத்துக்கு நடுவே நான் துண்டுச்சீட்டு கொடுத்தால் அது பரிசு வழங்கியவர்களின் பெயராகத்தான் இருக்கும். அதை இவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பந்தயம் முடிந்தபின் வாசிப்பார்.

ஒரு வண்டியில் பூட்டும் இரண்டு மாடுகளும் ஒரே ஆளுடையதாக இருப்பது அபூர்வம். இடத்து மாடு ஒருவருடையது, வலத்து மாடு இன்னொருவருடையது. ஒத்துப்போகும் மாடுகளாகப் பார்த்துச் சோடி சேர்ப்பார்கள். அதனால், "சோடி நல்லா இழுக்குது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. இழுப்பது இடமா வலமா என்று சொன்னால்தான் வர்ணனை.

இவரோ மாடுகளுக்கு எதிர்முகமாக உட்கார்ந்திருக்கிறார். இவருடைய வலது கைப்பக்கம் தெரிவது இடத்து மாடு. ஆரம்பத்தில் தடுமாறினார். அதற்காக இரண்டு மாதம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பயிற்சி நடந்தது. எதிரே நானும் மகளும் உட்கார்ந்து சாப்பிட, இவர் எங்களை வர்ணிப்பார். "இடத்து மாடு அப்பளத்தை நொறுக்குகிறது, வலத்து மாடு மோருக்குத் தாவுகிறது." நான் எந்த மாடு என்று கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவழியாகப் பார்ப்பதை மாற்றிச் சொல்வது இவருக்கு ரத்தத்தில் ஊறிவிட்டது. இருபது வருஷத்துக்கு மேல் ஒரு தடவைகூடத் தவறியதில்லை. என் நோட்டுகள் சாட்சி.

நான் கையில் கிடைத்ததை எல்லாம் படிப்பவள். ஒரு பழைய பத்திரிகையில் பிரான்ஸ் நாட்டுத் தொலைக்காட்சியின் மூத்த வர்ணனையாளர் ஒருவரைப் பற்றி வந்திருந்தது. குதிரைப் பந்தயம், அரச குடும்பத்துக் கல்யாணம், பாட்டுப் போட்டி, சைக்கிள் பந்தயம் என்று அவர் ஒருவரே எல்லாவற்றுக்கும் பேசினாராம். பல பத்தாண்டுகள். அதை இவருக்கு வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு இவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"சைக்கிளுக்கு முன்னாடி போவாரா, பின்னாடி போவாரா?"

கட்டுரையில் அது இல்லை.

போன மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை திருவாதவூர்ச் சாலையில் பந்தயம். அனுமதி கொடுத்தபோது புதிதாக ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். மாட்டு வண்டிகளுக்கு முன்னால் எந்த மோட்டார் வாகனமும் போகக்கூடாது. பின்னால்தான் வரவேண்டும். யோசித்தால் நியாயமான நிபந்தனைதான். நாற்காலியை முன்பக்கம் பார்த்துத் திருப்பிக் கட்டினோம். "இது இன்னும் வசதி, புகை நம்ம மேல அடிக்காது" என்று இவர் சந்தோஷப்பட்டார். எங்கள் மூவரில் யாருக்கும் வேறெதுவும் தோன்றவில்லை.

பெரிய மாடுகளுக்கான பந்தயத்தில் ஒரு மயிலைச் சோடி ஓடியது. இரண்டும் ஒரே வெளிர்சாம்பல் நிறம், ஒரே மாதிரிக் கொம்பு, பின்னாலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். இடத்து மாடு மேலூர்ப் பக்கம் செங்கல் சூளை வைத்திருக்கும் ஒருவருடையது. முழங்காலில் ஆபரேஷன் செய்துகொண்டு அவர் அன்று வீட்டில் படுத்தபடி டிவியில் பார்த்துக்கொண்டிருந்தார். வலத்து மாடு திருவாதவூரில் விவசாயம் செய்யும் ஒரு பெண்ணுடையது.

ஐந்தாவதாகப் போன அந்தச் சோடி, கண்மாய்க்கரை ஏறும்போது ஒவ்வொரு வண்டியாகத் தாண்டியது. வலத்து மாடு கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி, வண்டியையும் பக்கத்து மாட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. நான் நோட்டில் "வலம்" என்று எழுதினேன். என் காதில், "இடத்து மாட்டப் பாருங்கய்யா, இடத்து மாடு ஒத்தையில இழுக்குது, வலத்து மாடு சும்மா தொணைக்கு வருது" என்று விழுந்தது. நான் என் கையைப் பார்த்தேன். மாட்டைப் பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னார். இருபது வருஷப் பழக்கம், வலது பக்கம் தெரிவதை இடம் என்று நாக்கு தானாகவே மாற்றிக்கொண்டிருந்தது. இப்போது மாற்றத் தேவையில்லை என்பது நாக்குக்குத் தெரியவில்லை.

எல்லையைச் சுற்றித் திரும்பியதும் ஒரு துண்டுச்சீட்டில், "இடம் வலம் மாறுது" என்று எழுதி நீட்டினேன். இவர் பார்க்காமல் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். முழங்கையால் இடித்தேன். "இருக்கட்டும், கடைசியில வாசிக்கிறேன்" என்பதுபோலத் தலையாட்டினார். அந்தச் சோடி இரண்டாவதாக வந்தது. பரிசளிப்பில் இவர் சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, மைக்கில் கணீரென்று, "அடுத்ததாக, இடம் வலம் மாறுது" என்று வாசித்துவிட்டு நின்றார். கூட்டம் அடுத்த பெயருக்குக் காத்திருந்தது. இவர் சீட்டை மடித்து, "என்று ஓர் அன்பர் தெரிவிக்கிறார், நன்றி" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் விளக்கிச் சொன்னேன். நான்தான் பெட்டியில் கோணலாக உட்கார்ந்து பார்த்திருப்பேன் என்றார். திங்கட்கிழமை முழுக்க அதே பேச்சு. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கே.கே. நகர் வீட்டு வாசலில் ஒரு பெண் வந்து நின்றார்.

"டிவிக்காரரு வீடு இதுதானக்கா?"

"ஆமா. நீங்க?"

"திருவாதவூரு. வலத்து மாட்டுக்காரி."

 உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாற்பது வயது இருக்கும். தண்ணீரைக் குடித்துவிட்டுச் செம்பைக் கீழே வைத்தவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அக்கா, இழுத்தது ஏம் மாடு. ஒங்க வீட்டுக்காரரு அங்கிட்டுச் சொல்லிப்புட்டாரு. சூளைக்காரரு எனக்குப் போனப் போட்டு, 'ஏம் மாடு ஒத்தையில இழுத்துருக்கு, ஒம் மாடு தொணைக்கு ஓடியாந்துருக்கு, டிவியிலயே சொல்லிட்டாக. நான் வேற சோடி பாத்துக்கிறேன்'ங்குறாரு. வெள்ளிக்கிழம வேற மாடு பாக்கப் போறாராம்."

"நீங்க வீடியோவைப் பார்க்கச் சொல்லலாமே?"

"பாத்தாரு. நாலு தடவ பாத்தாராம். 'அவரு அம்புட்டுத் தெளிவாச் சொல்றாரே, நீ என்னத்தப் பாத்த'ங்குறாரு." அவர் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். "ஒத்த மாட்ட வச்சுக்கிட்டு நான் என்னக்கா செய்ய? ஒத்த மாட்ட எந்தப் பந்தயத்துலயும் விடமாட்டாக. தொணைக்கு ஓடுற மாடுன்னு பேரு வந்துருச்சுன்னா வேற யாரும் சோடி சேக்கமாட்டாக. எங்க தெருவுல ஊராம்வீட்டு மாட்ட ஓட்டுனவுகதேன் எல்லாரும். எங்கப்பாவும் ஓட்டுனாரு. சொந்தமா பந்தய மாடுன்னு வந்தது இதுதேன் மொத மாடு."

சூளைக்காரரோடு சோடி சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறதாம். பழக்குவது, பூட்டுவது எல்லாம் சூளை வாசலில்தான். மாட்டைப் பிடித்துக்கொண்டு இந்தப் பெண்தான் அங்கே போக வேண்டும். சூளைக்காரர் இவர்கள் தெருவுக்கு ஒரு தடவையும் வந்ததில்லை.

உள்ளறையில் கேட்டுக்கொண்டிருந்த என் கணவர் வெளியே வந்தார். இத்தனை வருஷத்தில் தான் இடம் வலம் மாற்றிச் சொன்னதே இல்லை என்று ஆரம்பித்தார். நான் நோட்டை எடுத்துவந்து அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார்.

அந்தப் பெண் எழுந்துவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "வாங்கக்கா, நீங்க இடத்து மாடு. நாந்தேன் வலத்து மாடு. அண்ணே, பின்னாடி வந்து நின்னு சொல்லுங்க பாப்போம்." எங்கள் ஹாலில், சோபாவுக்கும் டிவிக்கும் நடுவில், இரண்டு பேரும் பூட்டிய மாடுகள் மாதிரி நின்றோம். இவர் பின்னால் வந்து நின்றார். "எட்டு வச்சு நடங்க" என்றார், வர்ணனைக்காரர் இல்லையா. நடந்தோம். திருவாதவூர்ப் பெண் என்னைத் தரதரவென்று இழுத்தார். இவர் கையை நீட்டி, "இடத்து மாடு இழுக்குது" என்றார்.

"பாத்தீகளா" என்றார் அந்தப் பெண், நிற்காமலே.

நான் சோபாவில் விழுந்து சிரித்தேன். அந்தப் பெண்ணும் வாயைப் பொத்திக்கொண்டார். இவர் நின்ற இடத்திலேயே நின்று தன் இரண்டு கைகளையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு இறங்கிவந்தார். திரையின் கீழே "திருத்தம்" என்று எழுத்து ஓடவிடலாம் என்றார். அந்தப் பெண் ஒத்துக்கொள்ளவில்லை. "எழுத்துல போட்டா எவுக படிப்பாக?" செய்தியில் வருத்தம் தெரிவிக்கலாம் என்றார். "வருத்தம் எனக்கு எதுக்குண்ணே? அந்தப் பந்தயத்தத் திரும்பச் சொல்லுங்க. மொதல்ல இருந்து கடைசி வரைக்கும், சரியாச் சொல்லுங்க."

"முடிஞ்ச பந்தயத்த எப்படிம்மா திரும்பச் சொல்றது? என்ன ஆகும்னு எல்லாருக்கும் தெரியும்ல?"

"எங்க வீட்டுக் கல்யாணக் கேசட்ட எத்தன தடவ போட்டுப் பாத்துருக்கோம். தாலி கட்டிருவாருன்னு தெரியாமயா பாக்குறோம்?"

 இவர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லி அனுப்பிவைத்தார். புதன்கிழமை காலை, வேறு வழி கிடைக்கிறதா என்று பார்க்க, சூளைக்காரருக்குத் தானே போன் செய்தார். ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நானும் கேட்டேன். தான் மாற்றிச் சொல்லிவிட்டதாக இவர் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் உச்சுக்கொட்டும் சத்தம்தான் வந்தது.

"அண்ணே, நீங்க பெரிய மனுசன். அந்தப் புள்ள வந்து கண்ணக் கசக்கிருச்சுன்னு பேச்ச மாத்தாதீக. டிவியில சொன்னீக பாருங்க, அதுதேன் நெசம். வீட்டுல இருந்துக்கிட்டு என்னமும் பேசலாம்."

இவர் போனை வைத்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், இருமல் வரும்வரை. "நான் சொல்றத நானே மறுத்தாலும் நம்பமாட்டேங்குறான்" என்றார் எங்கள் மொழியில். சட்டையை மாட்டிக்கொண்டு நிலையத்துக்குப் போனார். நேரலையில் சொன்னது சொன்னதுதான், ஒட்டுப்போடக் கூடாது என்று எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவர், முதலாளியிடம் வியாழக்கிழமை மாலை ஆறு மணியைக் கேட்டு வாங்கிவந்தார்.

வியாழக்கிழமை அந்தப் பெண் மாம்பழ நிறப் பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். எங்கள் நிலையம் இப்போது வேறு கட்டடத்தில் இருக்கிறது, ஏசி அறை. பின்சுவரோரம் எனக்கும் அவருக்கும் இரண்டு நாற்காலி போட்டார்கள். கேமராக்காரர் படம் ஓடும் திரையின் இரண்டு ஓரத்திலும் "இடம்", "வலம்" என்று கொட்டை எழுத்தில் எழுதிய காகிதங்களை ஒட்டிவைத்திருந்தார்.

"இது என்ன மாப்ள, எல்கேஜி கிளாசா?"

"இருக்கட்டும்ணே. கண்ணுல பட்டாப் படட்டும், படாட்டி போகட்டும்."

கிழிக்கப்போன இவர், கையை எடுத்துக்கொண்டார்.

ஆறு மணிக்கு இவர் பேசியதை அப்படியே குறித்திருக்கிறேன். "போன ஞாயித்துக்கிழமை இந்தப் பந்தயத்தை நான் உங்களுக்குத் தப்பாச் சொன்னேன். மாடு சரியாத்தான் ஓடுச்சு. நான்தான் பக்கத்தை மாத்திட்டேன். இப்ப அதே பந்தயம். இந்தத் தடவை சரியாச் சொல்றேன்." அவ்வளவுதான். படம் ஓட ஆரம்பித்தது.

முதல் சில நிமிஷம் இவர் காகிதங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார். கண்மாய்க்கரை வந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "வலத்து மாடு, திருவாதவூர் மாடு, தலையத் தாழ்த்திருச்சு, இனி அதப் பிடிக்க முடியாது. மூக்குல வர்ற காத்து ரோட்டுப் புழுதியக் கெளப்புது பாருங்க. ஒரு வண்டி போச்சு. இன்னொரு வண்டி போச்சு." ஞாயிற்றுக்கிழமை பேசியதைவிட நன்றாக இருந்தது. அன்று வண்டியின் குலுக்கலில் இவர் கண்ணில் படாத எத்தனையோ இன்று படத்தில் பட்டன.

என் பக்கத்திலிருந்தவர் தன் மாட்டைத் தம்பி என்று கூப்பிடுவார் போலிருக்கிறது. "போ தம்பி. போ. அங்கிட்டுப் பாக்காத" என்று முணுமுணுத்துக்கொண்டே என் கையைப் பிடித்து நசுக்கினார். கடைசி நேர்ச்சாலையில் அந்தச் சோடி முதல் வண்டியை எட்டிப் பிடித்து, ஒரு கழுத்து வித்தியாசத்தில் பின்தங்கி, இரண்டாவதாக வந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டார்.

"ச்சே. இந்தத் தடவையும் ரெண்டாவதுதேன்."

கேமராக்காரர் திரும்பிப் பார்த்தார். நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன், மைக் திறந்திருந்தது.

நிகழ்ச்சி முடியுமுன்பே போன் வந்தது. சூளைக்காரர். நேரலையிலேயே இணைக்கச் சொன்னார் இவர்.

"வணக்கம்ணே. பாத்தேன். கேட்டேன். சரித்தேன், இழுத்தது வலத்து மாடு."

"நீங்க ஒத்துக்கிட்டதுல சந்தோஷம்."

"நான் இன்னும் முடிக்கல. ஞாயித்துக்கிழம நீங்க என்ன சொன்னீக? எல்லையில திரும்புறப்ப வலத்து மாடு வெளிவட்டத்துல சுத்தி வண்டியக் காப்பாத்துச்சுன்னீக. அதையும் மாத்தித்தான சொல்லிருப்பீக? அப்ப அது ஏம் மாடு. இன்னைக்கு அதச் சொல்லவே இல்லயே."

இவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் புரட்டினேன். "திருப்பம்: இடம், பெரிய சுற்று, வண்டி சாயவில்லை" என்று இருந்தது. நோட்டை உயர்த்திக் காட்டித் தலையாட்டினேன். வேகத்தில் இவர் அந்த இடத்தை விட்டிருக்கிறார்.

"உண்மைதான்யா. திருப்பத்துல வண்டியக் காப்பாத்துனது இடத்து மாடு. அந்தச் சுத்து இல்லன்னா வலத்து மாடு இழுத்தும் பிரயோசனம் இல்ல. நேயர்கள் குறிச்சுக்கிடுங்க."

"அது. இப்ப சரி. அந்தப் புள்ள அங்கிட்டு இருக்கா?"

இவர் மைக்கை நகர்த்தினார். அந்தப் பெண் எழுந்து வந்தார். "இங்கிட்டுத்தேன் இருக்கேன்" என்றார் மைக்கைப் பார்த்து.

"சோடிய மாத்த வேணாம். நான் வேற மாடு பாக்கப் போகல."

"சரிங்க."

"ஆனா ஒண்ணு. அடுத்த பந்தயத்துல ஏம் மாட்ட வலத்துல கட்டுவோம்."

"அது எப்புடி? பழகுன பக்கத்த மாத்துனா வண்டி வயக்காட்டுக்குள்ளதேன் போகும். வர்ணன வயக்காட்டுல நடக்கும்."

"நாலு நாளு மாத்திப் பழக்கிப் பாக்கலாம்ல?"

"டிவிக்காரரே இருவது வருசமாப் பழகியும் ஒரு நாளு மாத்துனதுக்கே இம்புட்டுக் கூத்தாகிப்போச்சு. மாட்டுக்கு எதுக்கு?"

கேமராக்காரர் கேமராவை விட்டுவிட்டுத் திரும்பி நின்று குலுங்கினார். படம் கொஞ்ச நேரம் கூரையைக் காட்டியது. என் கணவர் மேஜையில் கைகளை ஊன்றிக்கொண்டு இருவரையும் பேசவிட்டார். வர்ணனை எதுவும் செய்யவில்லை. இவர் பேசாத இரண்டு நிமிஷம் எங்கள் நிலையத்தில் ஒளிபரப்பானது அதுவே முதல்தடவை என்று நினைக்கிறேன். டைரிகளைத் தேடினால் உறுதியாகச் சொல்லலாம். கடைசியில் சூளைக்காரர், "சரி, காலையில வாரேன். நேர்ல பேசிக்கிடுவோம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்கு அச்சகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. திருவாதவூர்ப் பெண், குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"அக்கா, அவரு வந்துருக்காரு. எங்க தெருவுக்கு. கம்ப ஊண்டிக்கிட்டு, ஆட்டோவுல வந்து எறங்கிட்டாரு. கூட ஒரு ஆளு, புல்லுக்கட்டோட. ஏம் மாட்டுக்கிட்ட நின்னு கழுத்தத் தடவிக்கிட்டு இருக்காரு. தெருவே வந்து நிக்கிது."

"சோடி மாத்தற பேச்சு?"

"அதெல்லாம் இல்ல. பக்கத்த மாத்துறதுக்குத்தேன் இன்னமும் பேசுறாரு, பேசிட்டுப் போகட்டும். அக்கா, ஒண்ணு கேக்கத்தேன் கூப்பிட்டேன். வாசல்ல சேர் போட்டு ஒக்காந்துருக்காரு, காப்பி குடுன்னு கேட்டுட்டாரு. ஆபரேசன் பண்ணவுகளுக்குச் சீனி போடலாமா?"

முழங்கால் ஆபரேஷன்தான், தாராளமாகப் போடலாம் என்று சொன்னேன். பக்கத்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்த என் கணவர் என்ன என்று கண்ணால் கேட்டார்.

"சரிக்கா, பால் பொங்குது. வாரேன்" என்று அவர் வைத்துவிட்டார்.